கேட்கப்படாத கேள்வி: பெண்களும் தங்கிப் பெறும் குடிமீட்புச் சிகிச்சையும்

1

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் கர்ப்பப்பையில் கட்டி என்று ஒரு மருத்துவமனையில் அறுவைக்காகச் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாள் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அன்று ராத்திரி இரண்டு முறை வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் பூரான் ஊர்வதாகச் சொல்லிக் கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் பாட்டி 'காத்துக் கருப்பு' என்றார். அறுவை தள்ளிப்போனது. கடைசியில் வார்டு கூட்டுகிற அம்மாதான் அக்காவின் தங்கச்சியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஏங்கண்ணு, உங்கக்கா குடிக்குமாட்ட இருக்குதே?"

மூன்று நாளாக எந்த மருத்துவரும் கேட்காத கேள்வி அது. இதே அக்காவின் வீட்டுக்காரர் முன்பு குடலிறக்கத்துக்குச் சேர்ந்தபோது, பேரையும் வயசையும் எழுதின கையோடு 'குடி, பீடி உண்டா?' என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அக்காவிடம் பிரசவம் எத்தனை, மாதவிலக்கு ஒழுங்கா, கருத்தடை ஆயிற்றா என்று கேட்டார்கள். அவர் உடம்பைப் பற்றி மருத்துவத்துக்கு இருந்த கேள்விகள் அவ்வளவுதான். குடி நிறுத்தியதால் வரும் வலிப்பு, உயிர் போகக்கூடிய ஒன்று. கேள்வி கேட்கப்படாததால் அது பேய் ஆனது, மூளைக் கோளாறு ஆனது. குடி மட்டும் ஆகவில்லை.

இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்து தொடங்கி, பெண்கள் தங்கிப் பெறும் குடிமீட்புச் சிகிச்சை என்பது என்ன, அதன் முறைகள் எங்கிருந்து வந்தன, அவை யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டன என்று விளக்கிப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். மருத்துவம் எனக்குத் துறையல்ல. ஆனால் ஒரு சொல்லுக்குப் பெண்பால் ஏன் வசையாக மட்டும் இருக்கிறது என்று கேட்பது தமிழ் படித்தவனின் வேலைதான்.

2

'குடிகாரன்' என்று ஒருவனைச் சொன்னால் அதில் கண்டனம் உண்டு, ஒரு சலிப்பு உண்டு, சமயத்தில் செல்லம்கூட உண்டு. 'குடிகாரி' என்றால் கண்டனம் குடியோடு நிற்பதில்லை. அது அவள் ஒழுக்கத்துக்கும் போகிறது, பிள்ளை யாருடையது என்பதுவரைக்கும் போகிறது. ஆணுக்கு அது ஒரு பழக்கத்தின் பெயர். பெண்ணுக்கு அது ஒரு தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு என்றைக்கும் இப்படியே இருந்ததா என்றால், இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறம் 235) இருவரும் கள்ளைப் பகிர்ந்துகொண்ட நட்பின் நினைவோடுதான் தொடங்குகிறது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. நேற்றுவரை பழைய சேலம் மாவட்டம். வள்ளுவரிடம் வரும்போது காட்சி மாறிவிடுகிறது. வரைவின் மகளிர் 92ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை 93, சூது 94. பெண், கள், கவறு மூன்றும் ஒரு ஆணைக் கெடுக்கும் பொருள்களாக அடுத்தடுத்து அடுக்கப்படுகின்றன. கள்ளுண்ணாமைக்குள்ளே ஒரு பெண் வருகிறாள். குடித்தவனைப் பார்த்து வருந்தும் தாயின் முகமாக. குடியைப் பற்றிய அறத்தில் பெண்ணுக்கு இரண்டு இடம்தான்: கெடுப்பவள், அல்லது பார்த்து அழுபவள்.

நவீன அரசியல் இந்த இரண்டாவது இடத்தை எடுத்து அதற்கு ஒரு வலிமை தந்தது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அவருடைய காந்தி ஆசிரமம் 1925 முதல் இங்கே பக்கத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இருந்தது. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடைகளை மூடவைத்தார்கள். 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்நாட்டில் கடைகளுக்கு முன்னால் மறித்து உட்கார்ந்தவர்களிலும் முன்வரிசை பெண்களே. 2017இல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி அப்படி மறித்த பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் பார்த்தோம்.

இந்த வரலாறு பெருமைக்குரியது. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. குடியை எதிர்க்கும் சொல்லாடல் முழுக்கப் பெண் 'குடிகாரனின் மனைவி'யாகவே நிறுத்தப்பட்டாள். குடியொழிப்புப் பாடல்களைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நானே கட்டுரை வாசித்திருக்கிறேன். என் கட்டுரையில் பெண் அழுதாள், மறித்தாள், துடைப்பம் எடுத்தாள். குடிக்கவில்லை. அன்று என் தெருவிலேயே அந்த அக்கா தறிக்கூடத்துக்குப் பின்னால் குவார்ட்டர் பாட்டிலைத் தண்ணீர்க் கேனுக்குள் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் கட்டுரையில் அவருக்கு இடம் இருந்திருக்காது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குள் மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. அதாவது 17 ஆணுக்கு ஒரு பெண். 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். மொத்தம் 16 கோடிப் பேர் என்கிறது அதே ஆய்வு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெண்கள் ஏறத்தாழ 90 லட்சம். அதுவும், வீட்டுக்கு வந்து கேட்கிறவரிடம், மாமியாரும் மகனும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது, 'ஆமாங்க, குடிக்கறேன்' என்று சொன்ன பெண்களை வைத்துப் போட்ட கணக்கு. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவதொரு சிகிச்சை பெற்றவர் 38 பேரில் ஒருவர். தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். ஆணும் பெண்ணும் சேர்ந்த கணக்கு இது. அந்த 180இல் ஒருவர் எந்தப் பாலாக இருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். நாம் அதைப் படித்தோம், கடந்தோம். பெண் குடிப்பாள் என்பது பிணமாக வந்தபிறகுதான் பதிவாகிறது.

3

இனிச் சிகிச்சைக்கு வருவோம். தங்கிப் பெறும் சிகிச்சையில் பொதுவாக இரண்டு கட்டங்கள். முதலாவது உடம்பிலிருந்து போதையை இறக்குவது. இது ஏழு முதல் பத்து நாள். தினமும் குடித்துப் பழகிய நரம்பு மண்டலம், குடி நின்றதும் கட்டவிழ்ந்ததுபோல் துள்ளும். முதல் நாளிலேயே நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரும். அக்கா பார்த்த பூரான் இதுதான். குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே வைட்டமின் பி1, அதாவது தயாமின். குடித்துச் சாப்பிடாமல் கிடந்த உடம்புக்குத் தயாமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைக் கெடுத்துவிடக்கூடும். 'ஒரு பாட்டில் ஏத்திட்டா சரியாப் போயிரும்' என்று நாம் நினைக்கிறோமே, அது குடித்தவர் விஷயத்தில் ஆபத்தான நினைப்பு.

இரண்டாவது கட்டம் மூன்று நான்கு வாரம், சில இடங்களில் மாதக்கணக்கு. தனி ஆலோசனை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, குடும்பத்தாருடன் பேசுவது, திரும்பக் குடிக்கத் தூண்டும் இடம், ஆள், நேரம் எவை என்று அடையாளம் காண்பது. பிறகு ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள். குடித்தால் உடம்பைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிராம் 1940களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறியப்பட்டது. நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'நோயாளிக்குத் தெரியாமலேயே' குடியை நிறுத்தித் தருவதாக ஒட்டியிருக்கும் நோட்டீசுகளைப் பாருங்கள். என்ன மருந்து என்று அதில் இருக்காது. சோற்றிலோ குழம்பிலோ கலந்துவிடச் சொல்வார்கள். சொல்லாமல் கொடுப்பது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. அதைவிட ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த நோட்டீசில் குடிப்பவர் ஆண், சமைப்பவர் பெண் என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது. குடிப்பவரே சமைப்பவராக இருந்தால் யார் யாருக்குத் தெரியாமல் கலப்பது?

பெண் உடம்புக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. ஆணைவிடப் பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. இரைப்பையிலேயே சாராயத்தைச் சிதைக்கும் நொதியும் பெண்களிடம் குறைவு என்று 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரே அளவு குடித்தாலும் பெண் இரத்தத்தில் சாராயம் அதிகம் ஏறும். ஆணைவிடக் குறைந்த வருஷத்தில், குறைந்த அளவில், ஈரல் கெடும். அடிமைத்தனமும் வேகமாக முற்றும். பெண் தாமதமாகத் தொடங்கினாலும் சீக்கிரம் விழுகிறாள், விழுந்தபிறகு தாமதமாக வருகிறாள். வரும்போது குடி மட்டுமாக வருவதும் இல்லை. தூக்க மாத்திரை, இடுப்புவலிக்கு மாத்திரை, புகையிலை என்று சேர்ந்தே இருக்கும். இந்தியப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் வாயில் போடும் புகையிலைப் பொருள்களைப் பயன்படுத்துவதாக 2016-17இன் தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும். அதை வாரக்கணக்கில் குறைக்கவேண்டும். சேர்க்கும்போதே கர்ப்பமா என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் மருந்து மாறும். மனச்சோர்வு, அடி, சின்ன வயசில் நேர்ந்த பாலியல் கொடுமை இவற்றைக் கேட்கவேண்டும். பலருக்குக் குடி என்பது இவற்றுக்குத் தானே போட்டுக்கொண்ட மருந்து.

4

குழுவாக உட்கார்ந்து பேசுகிற முறைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் பன்னிரண்டு படிகளில் முதல் படி, மதுவின் முன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. தான் என்ற கர்வத்தை உடைத்தால்தான் மீட்சி. 1949இல் மினசோட்டாவில் தொடங்கிய ஹேசல்டன் இந்தப் படிகளையும் மருத்துவத்தையும் சேர்த்து, நான்கு வாரம் தங்கும் முறையாக்கியது. உலகம் முழுக்க இன்று நாம் காணும் மீட்பு இல்லங்களில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள். 1956இல் அதே நிறுவனம் டயா லின் என்று பெண்களுக்குத் தனி இல்லம் திறந்தது.

1958இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினனான் இன்னொரு வழியை உண்டாக்கியது. நோயாளிகளே சேர்ந்து வாழும் சமூகம். அங்கே ஒருவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் வார்த்தையால் கிழிப்பதே சிகிச்சை. பிற்பாடு அது வன்முறைக் கூட்டமாகவே சீரழிந்தது. ஆனால் 'உடைத்தால்தான் திருந்துவான்' என்ற அதன் எண்ணம் பல நாடுகளின் இல்லங்களுக்குள் தங்கிவிட்டது.

இந்த இரண்டு முறையிலும் உள்ளே வருகிற மனிதனைப் பற்றி ஒரு கற்பனை இருக்கிறது. அவனிடம் கர்வம் மிஞ்சியிருக்கிறது, அதிகாரம் மிஞ்சியிருக்கிறது, அதை இறக்கவேண்டும். 1975இல் அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற பெண்மணி இந்த இடத்தில்தான் முரண்பட்டார். தானே குடிநோயிலிருந்து மீண்டவர். பெண்களின் பிரச்சினை கர்வம் அல்ல, தன்மதிப்பே இல்லாமல் போனது என்றார் அவர். ஏற்கனவே சக்தியற்றவளாக ஆக்கப்பட்டவளிடம் போய் 'நீ சக்தியற்றவள் என்று சொல்' என்றால் அது எப்படி மருந்தாகும்? அவர் தொடங்கிய பெண்கள் அமைப்பின் வாசகங்கள் தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்று தொடங்கின. 1990களின் இறுதியிலிருந்து ஸ்டெஃபனி கோவிங்டன், லிசா நஜாவிட்ஸ் போன்றோர் இன்னொரு படி போனார்கள். பட்ட கொடுமையையும் குடியையும் சேர்த்தே சிகிச்சை செய்யவேண்டும், முதலில் அவளுக்குப் பாதுகாப்பு உணர்வு வரவேண்டும், நடுவில் நிறுத்திக் கத்துவது பழைய அடியை மறுபடி அடிப்பதே என்றார்கள்.

இதை வைத்துப் பன்னிரண்டு படிகளை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மார்ட்டி மான் போன்ற பெண்கள் தொடக்க காலத்திலேயே அதன்மூலம் மீண்டு, 1944இல் குடிநோய் பற்றிய கல்வி இயக்கம் ஒன்றையே நிறுவினார்கள். காசு கேட்காத, பெயர் கேட்காத ஒரு கூட்டம் என்பது ஏழைக்குச் சின்ன விஷயம் இல்லை. இங்கே கேள்வி படிகள் நல்லவையா கெட்டவையா என்பதல்ல. அந்த அறையில் பத்து ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் தன் கதையை, முழுக்கதையை, சொல்லமுடியுமா என்பதே. சொல்லமுடியாத கதை குணமாவதில்லை.

5

இந்த இடத்தில் நம் சிற்றிதழ் வாசகர் ஒருவர் ஃபூக்கோவைக் கையில் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் எடுத்தவன்தான். 1961இல் வெளிவந்த பைத்தியத்தின் வரலாறு பற்றிய நூலில் அவர் காட்டியது இது: பினேலும் டியூக்கும் சங்கிலியை அவிழ்த்தார்கள், ஆனால் சங்கிலியின் இடத்தில் நோயாளி தன்னைத்தானே கண்காணிக்கும் குற்றவுணர்வை வைத்தார்கள். இந்த விமர்சனம் நம் மீட்பு இல்லங்களுக்கும் பொருந்தும். பூட்டிய கதவு, கட்டாய வாக்குமூலம், நல்ல மனைவியாகத் திரும்பி அனுப்பப்படுதல். சங்கிலியே அவிழாத இடங்களும் நம்மிடம் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்.

ஆனால் அந்த அக்காவின் கதை ஃபூக்கோவுக்கு ஒரு எதிர்க்கேள்வி போடுகிறது. மருத்துவம் எல்லோரையும் பார்க்கிறது, பதிவு செய்கிறது, வகைப்படுத்துகிறது என்பது ஒரு விதமான அதிகாரம். பார்க்கவே மறுப்பது, பதிவேட்டில் அவளுக்கு ஒரு கட்டமே இல்லாமல் வைத்திருப்பது, இன்னொரு விதமான அதிகாரம். ஆண் நோயாளியாக்கப்பட்டதை விமர்சிக்கலாம். பெண் நோயாளியாகக்கூட ஆகமுடியவில்லை. 'குடிகாரன்' என்ற சொல்லுக்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல் வந்தபோது மொழியில் ஒரு சின்ன மாற்றம் நிகழ்ந்தது. 'நோயாளி'க்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. வசை இல்லாமல் ஒரு பெண்ணைச் சுட்ட முதன்முதலாக ஒரு சொல் கிடைத்தது. மருத்துவத்தை வெளியே நின்று விமர்சிக்கிற வசதி, உள்ளே போக இடம் கிடைத்தவர்களுக்கே உண்டு.

2018 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டு அதிகாரத்துக்கும் எதிராகப் பயன்படக்கூடியது. மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைக் கோளாறுகளும் அதன் வரையறைக்குள் வருகின்றன. நம் இயக்கத் தோழர்கள் அதில் சில பிரிவுகளையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வயது வந்த ஒருவர் தானே விரும்பிச் சேரும்போது கணவனோ உறவினரோ வந்து சம்மதம் தரவேண்டியதில்லை (பிரிவு 86). கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்தத் துணியையே உடுத்திக்கொள்ளலாம். மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டியவை தரப்படவேண்டும் (பிரிவு 20). மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று பிரிக்க நேர்ந்தால் 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்யவேண்டும் (பிரிவு 21). சங்கிலி போடுவதற்குத் தடை (பிரிவு 95).

சட்டம் இப்படி இருக்கிறது. நடைமுறை எப்படி என்பதை அக்காவுக்காக அலைந்தபோது பார்த்தேன்.

6

வலிப்பு குடியினால் என்று தெரிந்தபிறகு மீட்புச் சிகிச்சைக்கு இடம் தேடினோம். போன் போட்ட இடங்களில் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றே: "லேடீஸ் எடுக்கறதில்லீங்க." இரண்டு இடத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். ஒன்றில் 'வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்' என்றார்கள். இன்னொன்றில் பெண்களுக்குத் தனி அறை உண்டு, ஆனால் ராத்திரிக் காவல் ஆண்தான் என்றார்கள். கடைசியில் வெளியூரில் ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இடம் கிடைத்தது. பெண்கள் வார்டு என்பதால் துணைக்குப் பெண்தான் இருக்கவேண்டும். தங்கச்சிக்குக் கைக்குழந்தை. என் அம்மா போய் 19 நாள் உட்கார்ந்தார். அக்காவின் வீட்டுக்காரர் ஒருமுறை வந்தார், கையெழுத்துப் போட. அவர் இரண்டு தடவை மீட்பு இல்லத்தில் இருந்தவர். இரண்டு தடவையும் அக்கா வாரக்கூலியை விட்டுவிட்டுக் கூடவே கிடந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல, சிகிச்சையின் அமைப்பே இப்படித்தான். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுவது அதுதான். கணவரைக் குடிநோய்க்கு இழந்த ஒரு பெண்ணின் துக்கத்திலிருந்து எழுந்த நிறுவனம். நோயாளியின் மனைவிக்கும் தனியாகப் பேசவும் அழவும் கற்கவும் ஒரு பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து, குடும்பத்தாருக்குத் தனித் திட்டம் வைத்தது. கஞ்சி காய்ச்சுபவளும் காயப்பட்டவள்தான் என்று ஒப்புக்கொண்டது சின்ன சாதனை அல்ல. கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை தரும் முறையையும் அவர்கள் உண்டாக்கினார்கள். ஆனால் மனைவி இருக்கவேண்டிய அந்த நாற்காலியில், பெண் நோயாளிக்காக யார் வந்து உட்காருவார்? குடும்ப சிகிச்சை என்ற கருத்தாக்கமே, விட்டுப்போகாத ஒரு ஆளை நம்பி இருக்கிறது. நம் சமூகத்தில் அந்த ஆளுக்குப் பெயர் பெண். அவளே படுத்துவிட்டால் இன்னொரு பெண்ணைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

புனேயில் அனில் அவசட்டும் சுனந்தா அவசட்டும் 1986இல் தொடங்கிய முக்தாங்கண் மீட்பு மையம் 2009இல் பெண்களுக்கென்று 'நிஷிகந்த்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. நிஷிகந்த் என்றால் நம்மூரில் நிலச்சம்பங்கி. ராத்திரியில் மணக்கும் பூ. இருபது வருஷத்துக்கு மேல் ஆண்களோடு வேலை செய்த பிறகுதான் அங்கேயும் அந்தக் கதவு திறந்தது என்பதையும், திறக்கமுடியும் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் கட்டிலை மட்டும் எண்ணினால் போதாது. பெண் வந்து தங்கக்கூடிய வார்டு என்றால் என்ன என்று கேட்கவேண்டும். இராப்பகல் பெண் ஊழியர். உள்பக்கம் தாழ் உள்ள குளியலறை. குழந்தைக்குத் தொட்டில். மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே கேஸ் ஷீட்டைப் பார்ப்பது. பெண்கள் மட்டும் உள்ள குழுப் பேச்சு. பெண் துணை இல்லாதவளையும் சேர்த்துக்கொள்வது. முக்கியமாக, வெளியே போகும்போது எங்கே போவாள் என்ற கேள்விக்குப் பதில். அடிக்கிற வீட்டுக்கே, குடிக்கிற கணவனிடமே அனுப்பினால், நான்கு வாரச் சிகிச்சை நான்கு நாளில் கரைந்துபோகும்.

இதோடு கூலியும் கடனும் இருக்கின்றன. பள்ளிபாளையம், குமாரபாளையம், இடைப்பாடி வட்டாரத்தில் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணத்துக்கு 'பாக்கி' என்று பெயர். பாக்கி தீராமல் தறியை விட்டு நகரமுடியாது. வாராவாரம் குழுத் தவணை. ஒரு வாரம் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். 28 நாள் உள்ளே இரு என்று சொல்லும் முறை, நான்கு தவணையை யார் கட்டுவது என்று யோசித்ததில்லை. அக்காவுக்கு முதல் வாரம் தூக்கம் வராதது குடி நின்றதால் மட்டும் இல்லை. "எம் பேரச் சொல்லி குழுவுல என்ன பேசறாங்களோ" என்றுதான் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அந்த நான்கு தவணையையும் கடைசியில் குழுப் பெண்களே பகிர்ந்து கட்டினார்கள். எந்தச் சிகிச்சைக் கையேட்டிலும் எழுதியிராத சிகிச்சை அது. அவர்களில் ஒருத்தி தவணை கொடுக்க வந்த சாக்கில் அம்மாவிடம் மெல்லக் கேட்டாளாம்: "அங்க எப்படிங்க, நல்லாப் பாக்கறாங்களா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்குங்க."

7

அக்கா திரும்பி வந்து எட்டு மாசம் குடிக்கவில்லை. பிறகு ஒரு ஆடி நோம்பிக்குக் குடித்தார். பிறகு நிறுத்தினார். இப்போது நிறுத்தியிருக்கிறார். இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு உரிமை இல்லை. திரும்பக் குடிப்பது இந்த நோயின் ஒரு பகுதி, தோல்வியின் சான்று அல்ல என்பதை மருத்துவர்கள் ஆண்களின் விஷயத்தில் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதே பொறுமையைப் பெண்ணுக்கும் தருவதற்கு ஊர் இன்னும் தயாராக இல்லை. ஆடியில் அவர் குடித்த அன்று தெருவே பேசியது. அதே நோம்பியில் தெருவின் பாதி ஆண்கள் விழுந்து கிடந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையை மூடச் சொல்லி மறியலுக்குப் போகும்போது, மாவட்ட மருத்துவமனைக்கும் ஒரு மனுவோடு போங்கள். 'போதை மீட்புப் பிரிவில் பெண்களுக்கு எத்தனை கட்டில்? ராத்திரி யார் பணியில் இருக்கிறார்கள்? கணவன் கையெழுத்து இல்லாமல் சேர்த்துக்கொள்கிறீர்களா?' இந்த மூன்று கேள்வி போதும். மகப்பேறு வார்டிலும் அறுவை வார்டிலும் பெண்ணிடமும் அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று சொல்லுங்கள். தனியாக, மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, குரலை உயர்த்தாமல்.

எழுதுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நம் கதைகளில் அழுகிற மனைவிகளை நிறைய எழுதிவிட்டோம். தண்ணீர்க் கேனை வாயருகே கொண்டுபோகிற பெண்ணை, கெட்டவளாகவும் காட்டாமல், புரட்சிக்காரியாகவும் ஆக்காமல், உடம்பு முடியாத ஒரு ஆளாக எழுதிப் பார்க்கலாம். வார்டு கூட்டுகிற அந்த அம்மாவால் அக்காவை அப்படிப் பார்க்க முடிந்திருக்கிறது. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நமக்குத் தெரியாதுங்களா சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.